போரும் அடுப்படியும்

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன படைகளும் பீரங்கிகளும் விமானங்களுமே ஆகும். பாடநூல்களும் பெரும்பாலும் அவற்றையே கூறுகின்றன. எந்த ஆண்டில் எந்தப் போர் மூண்டது, யார் வென்றார், எந்த உடன்படிக்கையில் யார் கையெழுத்திட்டார் என்பவற்றை மாணவர்கள் நெட்டுருச் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு நாடு போரில் இறங்கும்போது, அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் போர்க்களத்தைக் கண்ணாலும் காண்பதில்லை. அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்; அடுப்பு மூட்டுகிறார்கள்; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்; கடைக்குப் போகிறார்கள்; வராத கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் போர் எவ்வாறு மாற்றுகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை விளக்க இரண்டாம் உலகப் போரைச் சான்றாகக் கொள்ளலாம். 1939 முதல் 1945 வரை நடந்த அப்போரில், இங்கிலாந்து மக்களின் இல்லற வாழ்க்கை தலைகீழாக மாறியது. அதே காலத்தில், அதே ஆட்சியின் கீழிருந்த நம் நாட்டுக் குடும்பங்களும் போரின் வெம்மையை உணர்ந்தன. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் ஓர் உண்மை புலப்படும். அவ்வுண்மையைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் அந்நாடு ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. ஆனால் போர் அதற்கு இரண்டு நாள் முன்னரே வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. செப்டம்பர் 1-ஆம் நாள் இரவு முதல் நாடெங்கும் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. பகைவருடைய விமானங்களுக்கு ஊர் இருக்கும் இடம் தெரியாதிருக்க, ஒரு சிறு ஒளிக்கீற்றும் வெளியே கசியக்கூடாது என்பது சட்டம். ஒவ்வொரு மாலையும் இல்லத்தரசிகள் சன்னல்களைக் கருந்துணியாலும் தடித்த தாளாலும் மூடினார்கள். தெருவிளக்குகள் அணைந்தன. மோட்டார் வண்டிகளின் விளக்குகளுக்கு மூடியிட்டார்கள். வழி தெரிவதற்காக மரங்களிலும் நடைபாதை ஓரங்களிலும் வெள்ளைச் சாயம் பூசினார்கள். அப்படியும் விபத்துகள் பெருகின. போர் தொடங்கிய முதற்சில மாதங்களில், பகைவருடைய குண்டுக்கு இரையான பொதுமக்களைவிட இருட்டில் வண்டி மோதி மாண்டவர்களே மிகுதி! தற்காப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை அக்குடும்பங்கள் இவ்வாறு முதலில் அறிந்தன.

அடுத்து, குழந்தைகள். குண்டுவீச்சுக்கு இலக்காகக்கூடிய பெருநகரங்களிலிருந்து குழந்தைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்ப அரசாங்கம் முன்னரே திட்டம் வகுத்திருந்தது. செப்டம்பர் முதல் மூன்று நான்கு நாள்களில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் இடம் பெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர் சிறுமியர். கைக்குழந்தையுள்ள தாய்மாரும் சென்றனர். ஒவ்வொரு குழந்தையின் சட்டையிலும் பெயர் எழுதிய சீட்டு ஒன்று கட்டப்பட்டது. தோளில் ஒரு பெட்டி. அதனுள் நச்சுப்புகை முகமூடி. கையில் ஒரு சிறு மூட்டை. பெற்றோர் வழியனுப்பினார்கள், எந்த ஊருக்குச் செல்கிறோம் என்பது குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

நான் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் ஆதலின், இந்நிகழ்ச்சியில் என் உள்ளத்தைக் கவர்வது ஒரு செய்தி. அக்குழந்தைகளுடன் அவர்களுடைய ஆசிரியர்களும் சென்றார்கள். ஏறக்குறைய ஒரு இலட்சம் ஆசிரியர்களும் உதவியாளர்களும் தத்தம் வீடுவாசலை விட்டு மாணவர்களுடன் புறப்பட்டனர். முன்பின் அறியாத ஊரில், மாதா கோயில் மண்டபத்திலும் பொதுக் கூடத்திலும் வகுப்புகள் நடந்தன. சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்தை உள்ளூர்ப் பிள்ளைகள் முற்பகலிலும், வந்த பிள்ளைகள் பிற்பகலிலும் பயன்படுத்தினார்கள். வகுப்பு முடிந்தபின் படுக்கையை நனைத்துவிட்ட குழந்தைக்கும், அம்மா வேண்டும் என்று அழுத குழந்தைக்கும் தாயும் தந்தையும் ஆசிரியரேயாவர்.

இந்த இடப்பெயர்ச்சியினால் ஒரு பெரும் நன்மையும் விளைந்தது. நகரச் சேரிகளிலிருந்து வந்த குழந்தைகள் சிலர் மாற்றுடையின்றி வந்தனர். சிலர் போதிய உணவின்றி மெலிந்திருந்தனர். தங்கள் நாட்டிலேயே இத்துணை வறுமை உண்டு என்பதை நாட்டுப்புறத்து நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே கண்டன. எதிர்பார்த்த குண்டுகள் உடனே விழாமையால், 1940 சனவரிக்குள் பாதிக்கு மேற்பட்டோர் நகரங்களுக்குத் திரும்பிவிட்டனர். எனினும் அவர்களைக் கண்ட கண்கள் அக்காட்சியை மறக்கவில்லை. பள்ளிகளில் பாலும் நண்பகல் உணவும் போர்க்காலத்தில் விரிவடைந்தன. 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும், 1945-ஆம் ஆண்டின் குடும்ப உதவித்தொகைச் சட்டமும் இயற்றப்பட்ட சூழ்நிலையை உருவாக்கியதில் இந்த அனுபவத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

1940 செப்டம்பர் 7-ஆம் நாள் குண்டுகள் விழத் தொடங்கின. இலண்டன் நகரம் தொடர்ந்து 57 இரவுகள் தாக்குண்டது. அபாயச் சங்கு ஒலித்தவுடன் குடும்பங்கள் தோட்டத்தில் நெளிதகட்டால் அமைத்த பதுங்கிடங்களுக்கு ஓடின. தோட்டமில்லாத ஏழைகள் பலர் நிலத்தடி இரயில் நிலையங்களில் பாயும் போர்வையுமாக வந்து படுத்தனர். 1941 மே மாதம் வரை நீடித்த இத்தாக்குதலில் 40,000-க்கு மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். ஆனாலும் காலையில் பால்காரர் வந்தார், கடைகள் திறந்தன, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள்.

இனி அடுப்படிக்குள் செல்வோம். அங்கேதான் போர் ஒவ்வொரு நாளும், மூன்று வேளையும் குடும்பத்தாரைச் சந்தித்தது. போருக்குமுன் இங்கிலாந்து தன் உணவில் பெரும்பகுதியைக் கடல் கடந்து தருவித்துவந்தது. கோதுமை ஒரு நாட்டிலிருந்து, இறைச்சி மற்றொரு நாட்டிலிருந்து, தேயிலை நம் நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றன. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அச்சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. வருகின்ற கப்பல்களிலும் உணவுக்கு இருந்த இடத்தைப் போர்த்தளவாடங்கள் பிடித்துக்கொண்டன.

இந்நிலையில் அரசாங்கத்துக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, பொருளைச் சந்தையில் விட்டுவிடுவது. அவ்வாறு செய்தால் விலை ஏறும், பணமுள்ளவர் வாங்குவர், இல்லாதவர் பட்டினி கிடப்பர். மற்றொன்று, இருப்பதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுவது. அவர்கள் பங்கீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1940 சனவரி 8-ஆம் நாள் பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றும் பங்கீட்டுக்குள் வந்தன. பின்னர் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, தேயிலை, பாலாடைக்கட்டி என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கீட்டுப் புத்தகம். குடும்பத்தார் ஒரு குறிப்பிட்ட கடையில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிந்த தலைக்கணக்குப்படி கடைக்குச் சரக்கு வரும். அரச குடும்பத்தாருக்கும் பங்கீட்டுப் புத்தகம் உண்டு.

எவ்வளவு கிடைத்தது? அளவுகள் காலத்துக்கேற்ப மாறின. எனினும் வளர்ந்தவர் ஒருவருக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு 2 அவுன்ஸ் வெண்ணெய், 2 அவுன்ஸ் தேயிலை, 8 அவுன்ஸ் சர்க்கரை, ஒரு முட்டை என்ற அளவில் கிடைத்துவந்தது. 2 அவுன்ஸ் என்றால் இன்றைய கணக்கில் சுமார் 57 கிராம். வரலாற்று வகுப்பில் இவ்விடம் வரும்போது நான் ஆய்வுக்கூடத்திலிருந்து தராசை வரவழைத்து, 57 கிராம் தேயிலையை நிறுத்து மேசைமேல் வைப்பது வழக்கம். “ஏழு நாளுக்கு இவ்வளவுதான்” என்று சொன்னவுடன் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டு பக்கம் படித்தாலும் விளங்காத ஒன்று அந்தச் சிறு குவியலில் விளங்கிவிடும்.

இத்திட்டத்தின் நுட்பத்தை மாணவர்கள் கவனிக்கவேண்டும். ரொட்டியும் உருளைக்கிழங்கும் போர் முடியும் வரையில் பங்கீட்டுக்குள் வரவில்லை. கடும் உழைப்பாளி வயிறு நிரம்ப உண்ண அவை இருந்தன. ஆனால் தீட்டிய மாவில் செய்த வெள்ளை ரொட்டி 1942-இல் நின்றது. உமிக்கூறு மிகுந்த பழுப்பு நிற ரொட்டியே கிடைத்தது. மக்கள் முகம் சுளித்தார்கள், ஆயினும் உண்டார்கள். டப்பாவில் அடைத்த பொருள்களுக்கு 1941 டிசம்பரில் புள்ளி முறை வந்தது. கொடுக்கப்பட்ட புள்ளிகளைக் கொண்டு மீன் வாங்குவதா, பழம் வாங்குவதா என்று வீட்டுத் தலைவியே முடிவு செய்யலாம். எல்லார்க்கும் ஒரே அளவு என்ற நியாயத்தோடு, தேவை மிகுந்தவருக்கு மிகுதி என்ற நியாயமும் சேர்ந்தது. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தனிப் புத்தகம் உண்டு. பாலும், ஆரஞ்சுச் சாறும், மீன் எண்ணெயும் அவர்களுக்கு முதலில் கிடைத்தன. இதன் பயன் யாது? குண்டுவீச்சும் பற்றாக்குறையும் இருந்தபோதும், 1945-இல் அந்நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் 1939-இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது!

இவையெல்லாம் எளிதில் நடந்தன என்று எண்ணிவிடலாகாது. கள்ளச் சந்தை இருந்தது. நீண்ட வரிசைகள் இருந்தன. வரிசையில் நின்றவர்கள் பெண்களே. பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் காய்கறித் தோட்டங்களாயின. சமையற்கழிவைத் தெருமுனைத் தொட்டியில் சேர்த்துப் பன்றிகளுக்கு இட்டார்கள். 1941 சூன் 1-ஆம் நாள் முதல் துணிக்கும் பங்கீடு வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். அவற்றுள் ஆடவர் முழு உடுப்பு ஒன்றுக்கு மட்டும் 26 கூப்பன்கள் போய்விடும். பழைய திரைச்சீலை பாவாடையாயிற்று; தந்தையின் மேலங்கி மகனுக்குக் கால்சட்டையாயிற்று.

பெண்களின் நிலையைத் தனியாகக் கூறவேண்டும். ஆடவர் படைக்குச் சென்றபின் தொழிற்சாலைகளையும் வயல்களையும் நடத்துவார் யார்? 1941 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாக் கைம்பெண்களையும் போர்ப்பணிக்கு அழைத்தது. பெண்கள் விமானம் பூட்டினார்கள். பேருந்தில் சீட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் நிலப்படையில் சேர்ந்து ஏர் உழுதார்கள். தாய்மார் வேலைக்குச் செல்லக் குழந்தைக் காப்பகங்கள் திறக்கப்பட்டன. ஆனால் தொழிற்சாலையில் பத்து மணி நேரம் நின்ற பெண்ணே மாலையில் கடை வரிசையிலும் நின்றாள். கூலியும் ஆணுக்குச் சமமாக இல்லை. 1944 மார்ச்சில், ஆசிரியைகளுக்கேனும் சம ஊதியம் வேண்டும் என்ற திருத்தம் காமன்ஸ் சபையில் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் வெற்றி பெற்றது. பிரதமர் சர்ச்சில் அதனைத் தம் அரசின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பாக்கி மாற்றிவிட்டார். எனினும் மணம் புரிந்த ஆசிரியை வேலையை விட வேண்டும் என்ற பழைய தடை அவ்வாண்டுக் கல்விச் சட்டத்தால் நீங்கியது. உழைப்பைக் கேட்கும்போது விரைந்து வரும் அரசு, உரிமையைக் கொடுக்கும்போது மெல்ல நடப்பதை இதில் காண்கிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபு, நம் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே இந்தியாவும் போரில் ஈடுபட்டதாக அறிவித்தார். தொடக்கத்தில் போர் தொலைவில்தான் இருந்தது. 1942 மார்ச்சு 8-ஆம் நாள் இரங்கூன் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அன்று முதல் அது நம் அடுப்படிக்கு வந்துவிட்டது. ஏனெனில் பர்மாவிலிருந்து ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அது அடியோடு நின்றது. பர்மாவில் பிழைக்கச் சென்றிருந்த தமிழர் உள்ளிட்ட இந்தியர் பல இலட்சம் பேர் அகதிகளாக வெளியேறினர். அவர்களுள் பலர் அசாம், மணிப்பூர் மலைக்காடுகள் வழியாக நடந்தே வந்தனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஏப்ரல் மாதத்தில் கொழும்பும், திரிகோணமலையும், விசாகப்பட்டினமும், காக்கிநாடாவும் ஜப்பானிய விமானங்களால் தாக்குண்டன. சென்னை மக்களை அச்சம் பற்றியது. அரசாங்க அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. உயர்நீதிமன்றம் கோயமுத்தூருக்குச் சென்றது. பெண்களையும் குழந்தைகளையும் சொந்தக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, ஆடவர் மட்டும் நகரத்தில் தங்கிய குடும்பங்கள் பல. இங்கிலாந்தில் திட்டமிட்டுச் செய்ததை இங்கே உறவின்முறை செய்தது எனலாம். அத்தை வீடும் பாட்டி வீடுமே நமக்குப் புகலிடம்.

ஆனால் வங்காளத்தில் நிகழ்ந்தது வேறு. ஜப்பானியர் கையில் சிக்கலாகாது என்று கடலோர மாவட்டங்களில் பல்லாயிரம் படகுகளை அரசாங்கம் 1942-இல் கைப்பற்றியது. அவற்றுள் பல அழிக்கவும்பட்டன. மீன் பிடித்தும் நெல் ஏற்றியும் பிழைத்தவர்களின் வாழ்வு முடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் பெரும் புயலும் வீசியது. போர்ச் செலவால் பணம் பெருகி, அரிசி விலை 1943-இல் கூலியாளர் எட்டமுடியாத உயரத்துக்கு ஏறியது. கல்கத்தாவில் போர்த் தொழில்களில் ஈடுபட்ட தொழிலாளருக்குச் சலுகை விலையில் அரிசி கொடுத்தார்கள். கிராமத்து நிலமற்ற கூலியாளரையும் மீனவரையும் கைவினைஞரையும் சந்தையின் கையில் விட்டுவிட்டார்கள். தானியக் கப்பல்கள் வேண்டும் என்று இங்கிருந்து சென்ற கோரிக்கைகளை இலண்டன் அமைச்சரவை முழுமையாக ஏற்கவில்லை. கல்கத்தாவில் முறையான பங்கீடு தொடங்கியது 1944-ஆம் ஆண்டில். அதற்குள் பஞ்சமும் அதைத் தொடர்ந்த நோயும் இலட்சக்கணக்கானோரைக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டன. இறந்தவர்கள் 20 முதல் 30 இலட்சம் வரை இருக்கலாம் என்று அறிஞர் பலர் கணிக்கின்றனர். அவர்களுடைய ஊர்மீது பகைவன் குண்டு வீசவில்லை. ஆயினும் அவர்களும் போரால் மாண்டவர்களே.

இப்பஞ்சத்தைச் சிறுவயதில் நேரில் கண்ட அமர்த்தியா சென், பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகி 1981-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். நாட்டில் உணவு எவ்வளவு இருந்தது என்பது மட்டும் கேள்வியன்று. அதனைப் பெறும் வழி யாருக்கு இருந்தது என்பதே முதற்கேள்வி என்பது அவர் முடிவு.

தெற்கே ஓர் எதிர்ச் சான்று உண்டு. திருவிதாங்கூரும் கொச்சியும் தமக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதிக்கு வெளியூர்களையே நம்பியிருந்தவை. பர்மா அரிசி நின்றதும் வங்காளத்தைவிட மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியவை. அங்கே நகரம், கிராமம் என்ற வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கீட்டு அரிசி கொடுத்தார்கள். அளவு குறைவுதான், மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் பசியாற்றியது, துன்பம் முற்றும் நீங்கவில்லை. ஆனாலும் வங்காளத்தில் விளைந்தது போன்ற பேரழிவு அங்கே விளையவில்லை.

நான் முன்பு குறிப்பிட்ட உண்மை இதுதான். போர்க்காலத்தில் பற்றாக்குறை எங்கும் வரும். ஆனால் குடும்பங்கள் பிழைப்பதும் அழிவதும் அப்பற்றாக்குறையை எவ்வாறு பகிர்ந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கின்றன. இலண்டனில் ஓர் ஏழைக் குழந்தைக்கு ஆரஞ்சுச் சாறு கிடைத்த காலத்தில், அதே ஆட்சியின் கீழ் வங்காளத்துக் குழந்தைக்குக் கஞ்சியும் கிடைக்கவில்லை. முன்னவர் தம் அரசைத் தேர்ந்தெடுத்தவர்கள், பின்னவர் ஆளப்பட்டவர்கள். இவ்வேறுபாட்டை மாணவர்கள் ஆழ்ந்து எண்ணவேண்டும்.

போர் முடிந்தவுடன் அதன் விளைவுகள் முடிந்துவிடவில்லை. போர்க்காலத்தில் தடையின்றிக் கிடைத்த ரொட்டிக்கே இங்கிலாந்தில் 1946 முதல் 1948 வரை பங்கீடு இருந்தது. அந்நாட்டில் உணவுப் பங்கீடு முற்றும் நீங்கியது 1954 சூலையில்தான். நம் சென்னை மாகாணத்தில் முதலமைச்சராயிருந்த இராஜாஜி 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் அந்த எண்ணம் மறையவில்லை. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. இன்று நம் தெருவிலுள்ள நியாயவிலைக் கடையும், வீட்டுப் பெட்டியிலுள்ள குடும்ப அட்டையும் அப்போர்க்காலப் பங்கீட்டின் வழித்தோன்றல்களே. “ரேஷன்” என்ற சொல்லே அக்காலத்தில்தான் நம் பாட்டிமார் நாவில் பழகியது.

ஆகவே, மாணவர்களே, இனி எந்தப் போரைப் பற்றிப் படித்தாலும், எந்த நாட்டுப் போர்ச் செய்தியைக் கேட்டாலும், வென்றவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்நாட்டில் அன்று இரவு அடுப்பு எரிந்ததா, குழந்தைக்குப் பால் கிடைத்ததா, வரிசையின் கடைசியில் நின்றவருக்கும் பங்கு எஞ்சியதா என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்கு விடை தேடத் தொடங்கினால், தளபதிகளின் பெயர்களுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் கோடிக்கணக்கான எளிய மக்களின் வரலாறு உங்களுக்குத் தெரியவரும்.